கிட் வால்வ் ஆம்ப்: அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியதும் இடது பக்கம் ஊளையிடுகிறது, உதவி தேவை

புதுவால்வு
வணக்கம். என்னிடம் 6என்1 (உள்ளீட்டு வால்வு) + 6பி1 (அவுட்புட் வால்வு) ஆம்ப் கிட் ஒன்று இருக்கிறது. நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. கூடவே வந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் (வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வருவது) ரொம்பச் சின்னது, பேஸே (கனத்த கீழ்ச் சத்தம்) இல்லை. அதனால் பெரிதாக இரண்டு சுற்றி வாங்கி மாற்றினேன். ஆன் செய்து வால்வு சூடானதும் இடது பக்கம் பயங்கர ஊளை. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் நிற்கவில்லை. வலது பக்கம் ஒழுங்காகப் பாடுகிறது. ஞாயிறு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும். எந்தப் பாகம் போயிருக்கும்?

ஆடியோ_பாண்டி
வால்வுதான். கிட்டோடு வரும் 6பி1 எல்லாம் பழைய சரக்கு. இடது வால்வை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். ஊளை கூடவே இடம் மாறினால் புது வால்வு வாங்க வேண்டியதுதான்.

சோல்டர்புகை
சில விவரம் வேண்டும் பாஸ். சர்க்யூட் படம் இருக்கிறதா? டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஓம்ஸ் என்று சொல்லிச் சுற்றினீர்கள்? ஸ்பீக்கர் 4 ஓம்ஸா 8 ஓம்ஸா? வால்வு முனைகளில் வோல்டேஜ் என்ன வருகிறது? போர்டின் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள்.

நெல்லை_வானொலி
எனக்கு கிரவுண்ட் (எர்த்) இணைப்பு மேல்தான் சந்தேகம். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்க இடம் போதாமல் ஒயரை நீட்டியிருப்பீர்கள். நீண்ட ஒயர் உள்ளீட்டுப் பக்கமாகப் போனால் இப்படித்தான் கத்தும். எல்லா எர்த்தையும் ஒரே புள்ளியில் சேர்த்துப் பாருங்கள்.

பழையரேடியோ52
தம்பி, சர்க்யூட் படம் இல்லாமல் "எந்தப் பாகம் போயிருக்கும்" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் எல்லாம் மல்லார்ட் கம்பெனியின் 3-3 ஆம்ப் மாதிரி சர்க்யூட்டை, இஎஃப்86, இஎல்84, இஇசட்80 என்று ஒவ்வொரு வால்வாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் சோல்டர் கையில் எடுத்தோம். இப்போது கிட் வாங்கிய கையோடு அப்கிரேட். முதலில் அடிப்படையைப் படியுங்கள். இன்னொன்று, எதைக் கழற்றிச் சோதித்தாலும் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். இந்தப் பென்டோடு வகை அவுட்புட் வால்வுக்கு லோடு இல்லையென்றால் பிரைமரியில் (வால்வு பக்கச் சுற்று) வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும்.

புதுவால்வு
வால்வு மாற்றிப் பார்த்தேன், ஊளை இடது பக்கத்திலேயேதான். ஸ்பீக்கர் 8 ஓம்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் இங்கே ஸ்டெபிலைசர் சுற்றும் கடையில் செய்தது. பிரைமரி 5 கே (5000 ஓம்ஸ்), செகண்டரி 8 ஓம்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். பிரைமரி ஒயர் இரண்டும் சிவப்பு, செகண்டரி பச்சையும் கறுப்பும். படம் நாளை போடுகிறேன்.

மைக்ரோஹென்றி
இரண்டு ஒயரும் சிவப்பு என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கிட்களில் பலவற்றில் ஸ்பீக்கர் முனையிலிருந்து 6என்1 காத்தோடுக்கு (எலெக்ட்ரான் வெளியேறும் வால்வு முனை) ஒரு ரெசிஸ்டர் திரும்பிப் போகும். அதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக். அவுட்புட்டில் ஒரு பங்கை எதிர்த் திசையில் உள்ளே கொடுத்துத் திரிபைக் குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் தொடக்க முனையும் முடிவு முனையும் இடம் மாறிவிட்டால் திசை தலைகீழாகும். குறைக்க வேண்டியது கூட்ட ஆரம்பிக்கும், ஆம்ப் தானாகவே ஒலி எழுப்பும் ஆசிலேட்டர் ஆகிவிடும். வால்யூம் கன்ட்ரோல் இந்தச் சுற்றுக்கு வெளியே இருப்பதால் அதைக் குறைத்துப் பயனில்லை. வலது பக்கம் ஒயர் சரியாக அமைந்துவிட்டது, இடது பக்கம் மாறிவிட்டது. ஒரே நிறம் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வால்வு, கெப்பாசிட்டர் எதையும் வாங்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 250 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும். 10 கே, 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டிச் சில நொடி அதன் குறுக்கே பிடியுங்கள். மீட்டரில் 10 வோல்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். விருந்து அடுத்த வாரமும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இடது பக்க ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். ஊளை நின்று பாட்டு வந்தால் சந்தேகமே இல்லை. மறுபடி அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, ரெசிஸ்டரை ஒட்டிவிட்டு, இடது பிரைமரியின் இரண்டு சிவப்பு ஒயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள்.

நெல்லை_வானொலி
இருக்கலாம். ஆனால் எர்த் விஷயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதுவால்வு
நின்றுவிட்டது!! ரொம்ப நன்றி சார். ஒயர் மாற்றியதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாடுகிறது. ஆனால் பேஸ் பழைய குட்டி டிரான்ஸ்ஃபார்மரை விட மோசம். மிருதங்கத்தில் தொப்பியே கேட்கவில்லை. இரண்டு மடங்கு எடை இருக்கிறது, அப்படியும் ஏன்?

ஆடியோ_பாண்டி
மூன்றரை வாட்டில் வேறென்ன வரும்? டிபிஏ3116 சிப் ஆம்ப் போர்டு ஒன்று வாங்கிப் போட்டால் தரை அதிரும். செலவு உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் கூலியில் பாதி கூட வராது.

பழையரேடியோ52
வால்வின் அருமை தெரியாதவர்கள் இந்த இழைக்கு ஏன் வருகிறார்கள் என்று தெரியவில்லை. தம்பி, அந்த 6பி1-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி செய்த பழைய இஎல்84 கிடைத்தால் போடுங்கள். சத்தமே மாறும்.

மைக்ரோஹென்றி
ஐயா, அப்படிச் சொல்லாதீர்கள், புதியவர் செய்துவிடுவார். இரண்டும் ஒன்பது கால் வால்வுதான், ஆனால் கால்களின் இணைப்பு வேறு. நேராகச் செருகினால் வேலை செய்யாது, ஏதாவது புகையவும் கூடும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரும் 6பி1-க்கு 0.5 ஆம்பியர், இஎல்84-க்கு 0.76. பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆடியோ_பாண்டி
அருமை தெரியாமல் இல்லை சார், என்னிடமும் வால்வு ரேடியோ இருக்கிறது. காசுக்கு எது லாபம் என்றுதான் சொன்னேன். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் கேட்காத ஆம்பை வைத்து என்ன செய்வது?

சோல்டர்புகை
வாட் கணக்கு மட்டும் போதாது பாண்டி. 84 டெசிபெல் ஸ்பீக்கரும் 90 டெசிபெல் ஸ்பீக்கரும் ஒரே சத்தம் தர நான்கு மடங்கு பவர் வித்தியாசம். நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரில் மூன்றரை வாட் ஒரு ஹாலுக்குத் தாராளம். ஆனால் அவர் பிரச்சினை அது இல்லை. அதே ஸ்பீக்கரில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் இதைவிட நன்றாகப் பாடியது என்கிறாரே.

நெல்லை_வானொலி
உள்ளூர்க் கடையில் சுற்றினால் இப்படித்தான். ஹாம்மண்ட் கம்பெனியின் 125 வரிசையில் சிங்கிள் எண்டடுக்கு (உங்களுடையது போல ஒரு பக்கத்துக்கு ஒரே அவுட்புட் வால்வு) என்றே இருக்கிறது, வரவழைத்துவிடுங்கள்.

சோல்டர்புகை
கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்தால் கிட் விலையைத் தாண்டிவிடும். கடைக்காரர்களைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டெபிலைசரும் யூபிஎஸ்ஸும் நாள் முழுக்கச் சுற்றுகிறவர்கள் அவர்கள். கம்பி அளவு, சுற்று, அடுக்கு, எங்கே காகிதம் என்று வரைந்து கொடுத்தால் அப்படியே செய்து தருவார்கள். "5 கே" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

மைக்ரோஹென்றி
புதுவால்வு, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை ஆம்பிலிருந்து முழுக்கக் கழற்றி, 12 வோல்ட் ஏசி தரும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை அதன் பிரைமரிக்குக் கொடுத்து, செகண்டரியில் எவ்வளவு வருகிறது என்று அளங்கள். தவறியும் செகண்டரியில் கொடுத்துவிடாதீர்கள், பிரைமரியில் 300 வோல்ட் வந்து நிற்கும். இரண்டாவது, கோரில் (காயிலுக்குள் இருக்கும் இரும்பு) E, I எழுத்து வடிவத் தகடுகளை அடுக்கியிருக்கும் விதம். ஓரத்திலிருந்து பாருங்கள். E தகடு எல்லாம் ஒரு பக்கம், I தகடு எல்லாம் எதிர்ப்பக்கம் என்று இருக்கிறதா, இல்லை ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறிப் பின்னியிருக்கிறதா?

புதுவால்வு
0.48 வோல்ட். தகடு மாறி மாறித்தான் இருக்கிறது.

மைக்ரோஹென்றி
12-ஐ 0.48-ஆல் வகுத்தால் சுற்று விகிதம் 25. அதன் வர்க்கம் 625, 8 ஓம்ஸால் பெருக்கினால் சரியாக 5 கே. கடைக்காரர் சுற்றில் ஒரு குறையும் இல்லை. தகட்டைத்தான் பவர் டிரான்ஸ்ஃபார்மர் போல அடுக்கியிருக்கிறார்.

சிங்கிள் எண்டடில் வால்வின் டிசி மின்னோட்டம், 6பி1 என்றால் சுமார் 45 மில்லி ஆம்பியர், எப்போதும் பிரைமரி வழியாகவே ஓடுகிறது. மாறி மாறிப் பின்னிய, இடைவெளி இல்லாத கோர் அந்த டிசியின் காந்தத்திலேயே நிறைந்துபோகும். இண்டக்டன்ஸ் (ஹென்றி என்ற அலகில் அளப்பது) சரிந்துவிடும், முதலில் போவது பேஸ்தான். புஷ்-புல்லில் (ஒரு பக்கத்துக்கு ஜோடி வால்வு) இரண்டு வால்வின் டிசியும் ஒன்றையொன்று அடித்துவிடுவதால் அங்கே இடைவெளி வேண்டாம். உங்கள் பழைய குட்டியில் இடைவெளி இருந்திருக்கும், அதனால்தான் சின்னதாக இருந்தும் முந்தியது.

பாண்டி கேட்டதற்கும் இதுவே பதில். பேஸ் கிட்டாரின் திறந்த E கம்பி 41 ஹெர்ட்ஸ். 6பி1-இன் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 50 கே, 5 கே லோடோடு இணையாகச் சேர்ந்து நாலரை கே. பிரைமரி 10 ஹென்றி இருந்தால், ஃபீட்பேக் இல்லாமல், 72 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடும். 20 ஹென்றி இருந்தால் 36. வாட்டைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது, ஹென்றிதான் வேண்டும்.

கடையில் தகடுகளை மட்டும் பிரித்து, E எல்லாம் ஒரு பக்கம், I எல்லாம் மறுபக்கம், நடுவே 0.1 மில்லிமீட்டர் காகிதம் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். காயிலைத் தொட வேண்டாம். பிரைமரி முனைகளில் எது தொடக்கம், எது முடிவு என்று அவரிடமே கேட்டு, நிறம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நெல்லை_வானொலி
திரும்ப மாட்டும்போது பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்காக, 90 டிகிரி திருப்பி வையுங்கள். ஒரே திசையில் வைத்தால் ஹம் (உறுமல் சத்தம்) ஏறும்.

புதுவால்வு
கடைக்காரர் உடனே செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. இப்போது தொப்பி நன்றாகக் கேட்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழையரேடியோ52
மல்லார்ட் படத்திலேயே இதெல்லாம் இருக்கிறது. படித்திருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது.

சோல்டர்புகை
மகிழ்ச்சி பாஸ். கோர் அளவு, தகடு எத்தனை இன்ச் அடுக்கு, பிரைமரி எத்தனை சுற்று என்று போட்டால் அடுத்து இதே கிட் வாங்குகிறவர்களுக்கு உதவும்.

மைக்ரோஹென்றி
புதுவால்வு, ஆன் செய்து பத்து நிமிடம் கழித்து 6பி1 காத்தோடில் எத்தனை வோல்ட் இருக்கிறது? முன்பே கேட்டிருந்தோம், நீங்கள் சொல்லவில்லை. புது பிரைமரியின் ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தால் ஆனோடு (பிரைமரி சேரும் வால்வு முனை) வோல்டேஜ் கொஞ்சம் ஏறியிருக்கும். கிட் 220 வோல்டுக்கு என்றால், இரவில் லைன் 245 தொடும்போது ஹீட்டரே 7 வோல்டுக்குப் போகும். காத்தோடில் 12 வோல்டை ஒட்டி இருந்தால் நல்லது. அதற்கு ரொம்ப மேலே என்றால் வால்வு சீக்கிரம் தேயும், அளந்து சொல்லுங்கள்.