அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் தலைமுடி அலங்காரத்தை வேலையிடமும் பள்ளியும் தடுத்ததால் வந்த வழக்குகளில் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும் இடம் எது?

#1
1981 ரோஜர்ஸ் தீர்ப்பு. கார்ன்ரோ பின்னலைக் (தலையோடு ஒட்டி வரிவரியாகப் போடும் பின்னல்) கொண்டையாக்கி, மேலே சவுரி சுற்றி மறைத்துவிட்டு வேலைக்கு வரலாம் என்றது விமான நிறுவனம். சுற்றினால் தலைவலி தாங்கவில்லை என்றார் ரெனே ரோஜர்ஸ். அப்படியானால் இன்னும் பெரிய சவுரியாக வைக்கலாமே என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார் நீதிபதி! ஆஃப்ரோ (சுருள்முடியை அப்படியே பந்துபோல விடுவது) தானாக வளர்வது, பின்னல் கையால் போடுவது, அதனால் அவிழ்க்கலாம் என்ற பிரிவினையும் அங்கேதான் ஊன்றப்பட்டது. 1991இல் டியூக் பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் சட்டப் பேராசிரியர் பாலெட் கால்ட்வெல் இதைப் பிரித்து மேய்ந்த பிறகும் நீதிமன்றங்கள் அசையவில்லை.

#2
எனக்கு அலபாமா வழக்கு. 2010, போனில் பேசும் வேலை. சாஸ்டிட்டி ஜோன்ஸைத் தேர்ந்தெடுத்தாயிற்று. பிறகு, டிரெட்லாக்ஸ் (முடி சடைசடையாகத் திரண்டு தொங்குவது) "கலைந்துபோகும், உங்களுடையதைச் சொல்லவில்லை" என்றார் மனிதவள அதிகாரி. வெட்ட மறுத்ததும் வேலை போனது. 2016இல் மேல்முறையீட்டிலும் தோல்வி.

#3
நல்லவேளை, முடி அலங்காரத்தை வைத்து இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் கிரௌன் சட்டம் வந்து அதெல்லாம் முடிந்தது. கலிபோர்னியா 2019இல் ஆரம்பித்து வைத்தது.

#4
#3, முடியவில்லை. டெக்சாஸின் கிரௌன் சட்டம் 2023 செப்டம்பர் 1 முதல் அமல். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு மாணவன் லாக்ஸை (டிரெட்லாக்ஸ்தான்) உச்சியில் கட்டித்தான் பள்ளிக்குப் போனான். அவிழ்த்துவிட்டால் புருவம், காதுமடல், சட்டைக் காலர் தாண்டும் என்று வகுப்புக்குள் விடவில்லை. சட்டத்தில் பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் (முறுக்கிய முடி) மூன்றும் இருக்கின்றன, நீளம் என்ற சொல் இல்லை. 2024 பிப்ரவரியில் பள்ளி ஜெயித்தது. லாக்ஸ் வளர்ந்து வளர்ந்து உருவாவது. வெட்டினால் மறுபடி வளர வருஷங்கள் ஆகும். மசோதா எழுதுகிறவர்கள் நீளத்தைத் தனியாக எழுதியே ஆகவேண்டும்.

#5
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அலபாமாவில் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்ற வாதத்தை மட்டுமே மனுவில் வைத்தார்கள். விதி கறுப்பினத்தவரையே அதிகம் பாதிக்கிறது என்பதைத் தனி வாதமாக வைக்கவில்லை. வாய்வாதத்தில் அதைக் கொண்டுவந்தால் நீதிமன்றம் ஏற்காது. இரண்டையும் முதல் மனுவிலேயே போடுங்கள்.

வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் கூட்டாட்சி ஆணையத்தில் (EEOC) புகார் கொடுக்க 180 நாள். மாநிலத்தில் அதற்கான அமைப்பு இருந்தால் 300. வழக்குப் போடலாம் என்று ஆணையம் அனுப்பும் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 90 நாள், ஒரு நாள் தவறினாலும் போச்சு. ஆடை விதியை எழுத்தில் வாங்குங்கள். அன்றைய முடியைப் படம் எடுங்கள், பின்பக்கமும் சேர்த்து. "கலைந்துபோகும்" மாதிரி வார்த்தைகளை அன்றே, சொன்னபடியே, தேதியோடு குறியுங்கள். அதே அலுவலகத்தில் நீள முடியோடு வேலை பார்க்கும் மற்ற இனத்தவரையும் பட்டியலிடுங்கள். புகாரில் "என் விருப்பமான ஸ்டைல்" என்று எழுதவே எழுதாதீர்கள். அவிழ்க்கலாமே என்று 1981ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுருள்முடி எப்படி லாக்ஸாகத் திரள்கிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

#1
#5, அன்றே குறிக்கச் சொன்ன வார்த்தைகளில் "சவுரி வைத்துக்கொள்" என்று சொன்னார்களா என்பதையும் சேருங்கள். இன்றும் சொல்கிறார்கள்.