பசியாறிய பிறகே பெயர் கேட்டார்கள்: ஒடிசி வாசித்தவர்களின் அனுபவங்கள்

மாணவி, ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு

இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஹோமரின் ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காவியம் பாடம். ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறோம். 24 காண்டங்கள், 12,000 வரிகளுக்கு மேல். ஒற்றைக்கண் அரக்கனையும் பாடி மயக்கும் சைரன்களையும் எதிர்பார்த்துத் திறந்தேன். ஆனால் முதல் காண்டத்தில் ஒரு சின்ன இடமே என்னை நிறுத்திவிட்டது.

இத்தாக்கா அரண்மனை. அதன் அரசன் ஒடிசியஸ் டிராய்ப் போருக்காக ஊரைவிட்டுப் போய் 20 வருடம் ஆகிறது. அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்த கூட்டம் அவன் வீட்டு மாடுகளை அடித்துத் தின்றுவிட்டு, அந்தத் தோல்களின் மேலேயே உட்கார்ந்து காய் விளையாடுகிறது. வாசலில் ஒரு வேற்றூர்க்காரர் வந்து நிற்கிறார். மாறுவேடத்தில் வந்த அதீனா தெய்வம் அது. யாருக்கும் தெரியாது. மகன் டெலிமாக்கஸ்தான் முதலில் பார்க்கிறான். வந்தவரை இவ்வளவு நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டோமே என்று பதறி ஓடுகிறான். கையைப் பிடித்து, ஈட்டியை வாங்கி வைத்து, கூச்சல் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார வைக்கிறான். பணிப்பெண் பொன் குடுவையிலிருந்து கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். ரொட்டி, இறைச்சி, மது எல்லாம் வருகின்றன. சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறான், நீங்கள் யார், எந்த ஊர் என்று.

எங்கள் ஆச்சியும் இப்படித்தான். வாசலில் யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர், அப்புறம்தான் விசாரிப்பு. அதனாலோ என்னவோ அந்த வரிசை எனக்குச் சட்டென்று கண்ணில் பட்டது.

அன்றைக்கே ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். வரவேற்றவர் யார், என்ன கொடுத்தார், பெயரை எப்போது கேட்டார். அப்பாவைத் தேடி டெலிமாக்கஸ் போன பைலோஸில் முதிய அரசர் நெஸ்டர்: கடற்கரை விருந்து முடிந்த பிறகு. அடுத்து ஸ்பார்ட்டாவில் அரசன் மெனலாஸ் வீட்டில் அன்றைக்குக் கல்யாண விருந்து. வாசலில் புதியவர்கள் வந்திருக்கிறார்கள், குதிரையை அவிழ்க்கட்டுமா, வேறு வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று உதவியாள் கேட்கிறான். மெனலாஸுக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஊர் வந்து சேரும்வரை நாம் எத்தனை பேர் வீட்டில் சாப்பிட்டோம், அதற்குள் மறந்துவிட்டதா என்று திட்டுகிறான். அங்கும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேள்வி.

பேயாசியர் நாட்டில் இது இன்னும் அழகு. கரை ஒதுங்கிய ஒடிசியஸ் அரசனின் அடுப்பங்கரைச் சாம்பலில் போய் உட்காருகிறான். அரசன் தன் மகனையே எழுப்பிவிட்டு அந்த இருக்கையைக் கொடுக்கிறான். சாப்பிட்ட பிறகு அரசி யார் என்று கேட்கிறாள். ஒடிசியஸ் மற்றதெல்லாம் சொல்லிப் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறான். யாரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் விளையாட்டும் பாட்டும் விருந்தும் முடிந்து, பாட்டைக் கேட்டு அவன் அழுவதைப் பார்த்த பிறகுதான் அரசன் மறுபடி கேட்கிறான்.

அப்புறம் ஒடிசியஸ் போய் மாட்டிக்கொண்ட, ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் குகை. நீங்கள் யார், எங்கிருந்து கடல் தாண்டி வருகிறீர்கள், வணிகர்களா, கொள்ளையர்களா என்று அரக்கன் கேட்கிறான். இதைப் படித்ததும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் நெஸ்டர் கேட்டதும் இதே கேள்வி. அடிக்குறிப்பைப் பார்த்தேன், கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் அதே வரிகள்தான். சொல் மாறவில்லை. நெஸ்டர் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார், பாலிஃபீமஸ் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்து பாலாடைக்கட்டியைத் தின்றது ஒடிசியஸும் கூட்டாளிகளும்தானே? எடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று கூட்டாளிகள் கெஞ்சினார்கள். விருந்தாளிக்கு உரிய பரிசு கிடைக்குமா பார்க்கலாம் என்று இவன்தான் உட்கார்ந்தான். கூட்டாளிகளில் ஆறு பேரை அரக்கன் தின்றுவிட்டான். அதில் ஒடிசியஸுக்கும் பங்கு உண்டு என்று வகுப்பில் சொன்னேன், பலர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இதைப் படித்தபோது எந்த இடத்தில் நின்றீர்கள்? சொல்லுங்கள்.

* * *

கப்பலில் வேலை பார்ப்பவர்

தங்கச்சி சொன்ன பைலோஸுக்கு நான் போயிருக்கிறேன். கிரேக்கத்தின் தென்மேற்கு மூலை. நவரினோ வளைகுடாவிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு குன்று, ஆனோ எங்லியானோஸ் என்று பெயர். 1939இல் கார்ல் பிளேகன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அங்கே தோண்டி ஒரு அரண்மனையைக் கண்டெடுத்தார். கி.மு. 1200ஐ ஒட்டி எரிந்து போனது. நெஸ்டரின் அரண்மனை என்கிறார்கள். நெஸ்டர் என்று ஒருவர் நிஜமாக வாழ்ந்ததற்கு அங்கே ஆதாரம் ஒன்றும் இல்லை, பெயர் காவியத்திலிருந்து வந்ததுதான்.

பெரிய கூடத்தின் நடுவில் வட்டமான அடுப்பு மேடை ஒன்று, குறுக்களவு 4 மீட்டர். மேலே போட்டிருக்கும் நடைபாதையில் நின்று பார்த்தேன். ஒடிசியஸ் போய் உட்கார்ந்தது வேறு நாட்டு அடுப்பில், தெரியும். ஆனால் அடுப்பு வீட்டின் மூலையில் இல்லை, கூடத்தின் நெஞ்சில் இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே போய் உட்கார்ந்தவனை யாராலும் பார்க்காமல் இருக்க முடியாது.

இன்னொரு அறையில் சுட்ட மண்ணால் செய்த குளியல் தொட்டி, வைத்த இடத்திலேயே இருக்கிறது. டெலிமாக்கஸை நெஸ்டரின் கடைசி மகள் குளிக்க வைத்து எண்ணெய் பூசி அனுப்பினாள் என்று மூன்றாம் காண்டத்தில் வருமே, அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சாமான் அறையில் ஆயிரக்கணக்கில் குடிக்கும் கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு வீட்டுக்கு எதற்கு அவ்வளவு கிண்ணம்? வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

* * *

ஜெர்மனியில் வசிப்பவர், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்

பிள்ளை, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்தவன். அந்த நாள்களில் எங்கே போனாலும் முதல் கேள்வி பெயர், இரண்டாவது எந்த வழியால் வந்தாய், மூன்றாவது ஏன் வந்தாய். ஒரே கதையை எத்தனை மேசைக்கு முன்னால் சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல அது என்னுடைய கதை மாதிரியே இல்லாமல் போய்விட்டது.

பிறகு என் மகள் பள்ளியில் ஒடிசி படித்தாள். அவளோடு சேர்ந்து நானும் ஜெர்மனில் வாசித்தேன். நான் நின்ற இடம் 14ஆம் காண்டம், பன்றி மேய்க்கும் யூமேயஸின் குடிசை. ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் போகிறான். நாய்கள் பாய்கின்றன. கிழவன் ஓடிவந்து விரட்டுகிறான். உள்ளே கூட்டிப்போய்ச் சுள்ளிகளைப் பரப்பி, தான் படுக்கும் ஆட்டுத்தோலை எடுத்து மேலே விரித்து உட்கார வைக்கிறான். கொழுத்த பன்றிகளெல்லாம் அரண்மனைக் கூட்டத்துக்குப் போய்விடும், எங்களைப் போன்ற அடிமைகளுக்கு மிச்சம் குட்டிகள்தான் என்று சொல்லிச் சமைத்துக் கொடுக்கிறான். அந்நியரும் பிச்சைக்காரரும் தெய்வங்களின் அரசன் ஜீயஸிடமிருந்து வருபவர்கள், நாங்கள் கொடுப்பது கொஞ்சம் என்றாலும் அன்போடு கொடுப்பது என்கிறான்.

பிறகு கதை கேட்கிறான். ஒடிசியஸ் தான் கிரீட் தீவுக்காரன் என்று நீளமாகப் பொய் சொல்கிறான். கிழவனுக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கை இல்லை. ஒடிசியஸ் திரும்பி வருவான் என்று சொன்ன பகுதி பொய் என்றே நினைக்கிறான். சாப்பாட்டுக்காக ஆள்கள் இப்படிக் கதை கட்டுவார்கள் என்றும் அவனுக்குத் தெரியும். அப்போது சொல்கிறான், என்னைச் சந்தோசப்படுத்தப் பொய் சொல்லத் தேவையில்லை, அதற்காக நான் உன்னைக் கவனிக்கவில்லை, ஜீயஸுக்குப் பயந்தும் உன்னைப் பார்த்து இரங்கியும்தான் என்று. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மகள் என்ன அப்பா என்று கேட்டாள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன்.

கதையை நம்பினால்தான் சோறு என்று அவன் வைக்கவில்லை. அந்த யூமேயஸும் ஓர் அரசனின் மகன்தான். சின்ன வயதில் கடத்திக் கொண்டுவந்து விற்கப்பட்டவன். அது அடுத்த காண்டத்தில் வரும், தவறவிட வேண்டாம்.

* * *

பள்ளி ஆசிரியை

இந்தப் பழக்கத்துக்குக் கிரேக்கத்தில் க்ஸெனியா என்று பெயர். க்ஸெனோஸ் என்ற ஒரே சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும், விருந்து படைப்பவரையும் குறிக்கும். நம் ‘விருந்து’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் புதுமை, புதிதாக வந்தவர். சாப்பாடு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்கு ஆறாத இடம் 13ஆம் காண்டம். ஒடிசியஸைப் பரிசுகளோடு ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் பேயாசியர் கப்பலைக் கரைக்குப் பக்கத்திலேயே கடல் தெய்வம் போசைடன் கல்லாக்கிவிடுகிறான். விருந்தினரைக் காக்கும் ஜீயஸ் அதற்குச் சம்மதிக்கிறான்! இனிமேல் யாரையும் கப்பலில் கொண்டுபோய் விட வேண்டாம் என்று அரசன் முடிவெடுக்கிறான். காவியத்திலேயே நல்லபடி உபசரித்தவர்களுக்குக் கிடைத்தது இது. இதை வகுப்பில் கட்டாயம் பேசுங்கள், மகளே.

* * *

மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்னதால் 14, 15ஆம் காண்டங்களை நேற்று மறுபடி நிதானமாகப் படித்தேன். நோட்டில் யூமேயஸுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஆகிவிட்டது.

இப்போது 21ஆம் காண்டத்தில் இருக்கிறேன். அதற்கு முன்னால் அரண்மனையில் நடப்பதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. பிச்சைக்காரன் வேடத்தில் கையேந்தி வந்த ஒடிசியஸ்மேல் ஒருவன் முக்காலியை எறிகிறான். வந்திருப்பது தெய்வமாக இருந்தால் என்ன செய்வாய் என்று அந்தக் கூட்டத்திலேயே சிலர் பயப்படுகிறார்கள். இன்னொருவன் மாட்டின் காலை எடுத்து, இந்தா விருந்தாளிக்குப் பரிசு என்று சொல்லியே வீசுகிறான்.

பெனலோப்பி வில்லை எடுத்து வருகிறாள். அவளை மணக்க வந்த அந்த 108 பேரையும் முடிக்கப்போகும் வில். அது எங்கிருந்து வந்தது என்று ஹோமர் நடுவில் நிறுத்திச் சொல்கிறார். ஒடிசியஸ் சிறுவனாக மெசீனிக்குப் போனபோது, காணாமல் போன குதிரைகளைத் தேடிவந்த இஃபிட்டஸைச் சந்திக்கிறான். இஃபிட்டஸ் வில்லைக் கொடுக்கிறான், இவன் வாளும் ஈட்டியும் கொடுக்கிறான். அந்தக் குதிரைகள் மாவீரன் ஹெராக்கிளிஸிடம்தான் இருந்தன. தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த இஃபிட்டஸை, தான் வைத்த சாப்பாட்டு மேசையைக்கூட மதிக்காமல் ஹெராக்கிளிஸ் கொன்றுவிடுகிறான். ஒடிசியஸ் அந்த வில்லை டிராய்ப் போருக்குக்கூட எடுத்துப் போகாமல் நண்பன் நினைவாக வீட்டிலேயே வைத்திருந்தான்.

இஃபிட்டஸ் பெயரையும் நோட்டில் எழுதினேன். என்ன கொடுத்தான் என்ற கட்டத்தில் வில். ஆனால் அவனும் ஒடிசியஸும் ஒருவர் வீட்டில் ஒருவர் ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்கிறார் ஹோமர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.