அம்மம்மாவின் கைத்தறிச் சேலையை வெட்டிப் பாவாடை தைத்தது பிழையா?

வடலி:
போன கிழமை கிளிநொச்சியில் ஒரு சாமத்தியவீடு. நான் உடுத்துப் போனது அம்மம்மாவின் பழைய கைத்தறிச் சேலையில் நானே தைத்த நீளப் பாவாடை. மேலே அப்பாவின் வெள்ளைச் சேட்டைப் பிரித்து, தோளைக் குறைத்துத் தைத்த சட்டை. காதில் பழைய தெறிகளில் செய்த தோடு. மொத்தச் செலவு நூலும் ஒரு சிப்பும்தான். என் வயதுப் பிள்ளைகள் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். பெரியவர்கள் கேட்டது வேறு. ஒரு மாமி எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏன் பிள்ளை, கொம்மா ஒரு நல்ல சட்டை எடுத்துத் தரயில்லையோ?" என்றார்.

அந்தச் சேலை சும்மா சேலை இல்லை. 1970க்கும் 77க்கும் இடையில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. வெளி மிளகாய் வராததால் இங்கே மிளகாய்ச் செய்கைக்கு நல்ல விலை. வெளித்துணி வராததால் உள்ளூர்க் கைத்தறிக்கும் நல்ல காலம். படித்த வாலிபருக்கு அரசாங்கம் காணி கொடுத்த விசுவமடுத் திட்டத்தில் அம்மப்பாவுக்கும் ஒரு காணி. மிளகாய் விற்ற காசில் அம்மம்மா வாங்கிய சேலை அது. பெரியம்மா 80களில் கனடா போகும்போது எடுத்துப் போனதால்தான் தப்பியது. போன வருடம் பார்சலில் திரும்பி வந்தது. இப்படி ஒன்றைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதை விட உடுத்துத் திரிவது நல்லதில்லையா? எனக்குப் பழைய உடுப்பில் ஆசை. அதை ஏன் வறுமை என்று பார்க்கிறார்கள்?

முறிகண்டிக் கச்சான்:
ஏனென்றால் வறுமையாக இருந்தது, பிள்ளை. கோபிக்காமல் கேள்.

90க்குப் பிறகு, சண்டைக் காலத்தில், அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் தேடித் திரிய வேண்டிய சாமான்கள். பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். வெள்ளை உடுப்பு மஞ்சளாகிவிடும், போதாததற்கு மாடு வந்து கொடியில் கிடப்பதைச் சப்பும். சேட்டுக் கொலர் தேய்ந்தால் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துப் போட்டோம். அண்ணனின் நீளக் களிசான் முழங்காலில் கிழிந்தால் வெட்டித் தம்பிக்குக் கட்டைக் களிசான். இதையெல்லாம் யாரும் படம் எடுத்துப் போடவில்லை.

அப்புறம் 2009. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் யாரோ கழித்துவிட்ட உடுப்பை வரிசையில் நின்று வாங்கினோம். அளவும் இல்லை, நிறமும் இல்லை, கிடைத்ததைப் போட்டோம். அங்கிருந்து வெளியே வந்தவன் தன் பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புதுசு எடுத்துக் கொடுப்பது பெருமைக்காக இல்லை. அந்த மாமி கேட்ட விதம் சரியில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

வடலி:
கச்சான் அண்ணை, கொலர் திருப்பித் தைத்த அந்தக் கைவேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை. அதைத்தான் படிக்க ஆசைப்படுகிறேன். நீங்கள் வேறு வழியில்லாமல் செய்தீர்கள், நான் விரும்பிச் செய்கிறேன். அதில் உங்களுக்கு என்ன நட்டம்?

நெல்லுமூட்டை:
மாட்டுக்குத்தான் நட்டம்.

கால்மெஷின்:
புதுக்குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெட்டியது பிழையா என்றுதானே தங்கச்சி கேட்டிருக்கிறா? பிழைதான். உடுத்தது பிழையில்லை, கத்தரிக்கோல் வைத்ததுதான் பிழை.

சேலை அகலம் 45 அங்குலம். அதுவே பாவாடைக்குப் போதிய நீளம். கரை தானாகக் கீழே வந்து விளிம்பாக நிற்கும், மடித்து அடிக்கவும் தேவையில்லை. ஐந்தரை யார் துணியையும் இடுப்பில் சுருக்கிப் பட்டி பிடித்தால் முடிந்தது. துணி தடிப்பாக இருந்தால் சுருக்கு வேண்டாம், கொய்யகம் போல மடித்துப் பிடியுங்கள். பட்டியை வேறு துணியில் போடுங்கள். நாளைக்கு அலுத்துப் போனால் தையலைப் பிரித்துத் திரும்பச் சேலையாகவே கட்டலாம். நீங்கள் வெட்டிவிட்டீர்கள், இனி அது பாவாடை மட்டும்தான்.

பழைய துணியில் கை வைக்க முன் வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோட்டில் வெளிச்சம் கூடத் தெரிந்தால் இழை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் தையல் போடக்கூடாது, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி வைத்துத் தாங்க வேண்டும். பொலியெஸ்டர் நூல் வேண்டாம். துணியை விட நூல் பலமாக இருந்தால், இழுவை வரும்போது நூல் அறாது, துணியைத்தான் அறுக்கும். பருத்தி நூலும் 11ஆம் நம்பர் ஊசியும் காணும். என்ன துணி என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழை உருவிக் கொளுத்துங்கள். கடதாசி மணம் என்றால் பருத்தி. மயிர் கருகிய மணம் என்றால் பட்டு. உருகிக் குண்டுமணி போல இறுகினால் நைலோன் சாதி. கல்யாணக் கூறைப் பட்டு என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த சேலைகளில் உருகியதும் உண்டு. வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை, பாவம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வன்னியில் பழைய சேலை என்பதே அரிது. அது எங்கே போனது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியுமோ தெரியாது. 2009இல் கடைசிச் சண்டையின்போது சனம் ஒதுங்கியிருந்த மாத்தளன் கடற்கரையில் மண் நிற்காது, வெட்ட வெட்டச் சரியும். பங்கருக்கு மூட்டை வேண்டும், உரப்பை முடிந்துவிட்டது. சேலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தோம். பட்டு, கூறை, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கட்டின சேலை எல்லாம். மெஷின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருந்தேன், கைப்பிடியால் சுற்றித்தான் தைத்தேன். பட்டு நல்ல பலம், மண்ணைத் தாங்கும். நைலோன் வழுக்கும். அந்தக் கணக்கும் எனக்குத் தெரியும். ஆகவே இப்போது ஒரு முழுச்சேலை கத்தரிக்கோலுக்குப் போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அவ்வளவுதான்.

வடலி:
அக்கா, வெட்டாமல் தைக்கும் வழி எனக்குத் தெரியாது, அடுத்ததை அப்படியே செய்வேன். ஆனால் முழுச்சேலையாகப் பெட்டிக்குள் கிடப்பதற்கு இது மேல் என்ற என் எண்ணம் மாறவில்லை. நான் சேலை கட்டுவது வருடத்துக்கு இரண்டு தரம். பாவாடை என்றால் வேலைக்கும் போட்டுப் போகலாம்.

ஸ்காபரோ குளிர்:
ரொரன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கென்சிங்டன் மார்க்கெட் பக்கம் போனால் பழைய உடுப்புக் கடைகள் வரிசையாக இருக்கும். 70களின் கோட் ஒன்றின் விலைக்குப் புதுசு இரண்டு வாங்கலாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சந்தோசமாக வாங்கிப் போடுகிறார்கள், ஒருவரும் வறுமை என்று சொல்வதில்லை. அவர்களுக்கும் கஷ்டகாலம் இருந்தது. பிரிட்டனில் 1941 ஜூனில் உடுப்புக்குக் கூப்பன் வைத்தார்கள், சண்டை முடிந்தும் 1949 வரை எடுக்கவில்லை. திரைச்சீலையில் சட்டை தைத்த சனம்தான். பேரப்பிள்ளைகள் அந்தக் காலத்து உடுப்பைத் தேடிப் பிடிக்கிறார்கள். நாங்களும் ஒருநாள் அந்த இடத்துக்கு வருவோம். வடலி கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டா.

முறிகண்டிக் கச்சான்:
அண்ணை, அங்கே பாட்டியின் அலுமாரியில் இருந்து பேத்தி எடுக்கிறாள். இங்கே அலுமாரியும் இல்லை, வீடும் இருக்கவில்லை. இரண்டும் ஒன்றா? நீங்கள் அனுப்பும் பெட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விசுவமடு வெயிலுக்குப் பஞ்சு வைத்த குளிர்க் கோட் எதற்கு? எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அடைக்கு வைத்த கோழி அதில்தான் இருக்கிறது.

ஸ்காபரோ குளிர்:
கோட் என் மனைவி வைத்தது. கோழிக்குச் சுகம் தானே.

கொழுந்து:
மேலே மிளகாய்க் காசுக் கதை வாசித்தேன். என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

77 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த சனம் நாங்கள். கிளிநொச்சிப் பக்கம் காட்டோரக் குடிசை. என் அப்பாயி கூலிக்கு மிளகாய் ஆய்ந்தவ. வடலி அக்காவின் அம்மப்பா தோட்டத்தில்தான் என்று சொல்லவில்லை, அப்படி ஒரு தோட்டத்தில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காணிக்காரர் வீட்டில் பழைய சேலை கொடுப்பார்கள். ஆக, அந்தக் கைத்தறிச் சேலைகள் எல்லாம் பெட்டிக்குள் போகவில்லை. நிறம் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்பாயி அதைக் கிழித்து எங்கள் அப்பாவுக்குச் சாரமாகவும், தொட்டிலாகவும், கடைசியில் கைப்பிடித் துணியாகவும் ஆக்கினா. ஊசி, நூல், பழசு என்று நீங்கள் ஆசைப்படுவதெல்லாம் அவவிடம் இருந்தது. கைவேலை என்று ஒருவரும் சொன்னதில்லை.

சலவைத் தொழிலாளரையும் கேட்டுப் பாருங்கள். செத்த வீட்டு உடுப்பு யாருக்குப் போனது? பழசு உடுப்பது எங்கள் சமூகத்தில் ஆளின் தரத்தைச் சொல்லும் அடையாளமாக இருந்தது. அதனால்தான் மாமிக்குக் கண் உறுத்தியது. முகாமுக்கு முந்திய கதை இது, கச்சான் அண்ணை.

வடலி:
அப்படியென்றால் நான் இதை உடுக்கக் கூடாது என்கிறீர்களா?

கொழுந்து:
உடுங்கள். நான் ஏன் தடுக்கப் போகிறேன்? உங்களைப் பார்த்து மாமி ஏன் என்று கேட்டா. அப்பாயியைப் பார்த்து ஒருவரும் கேட்டதில்லை. இவள் பழசுதானே உடுப்பாள் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் எனக்குப் புதுசுதான் வேண்டும். நான் கார்மென்டில் வேலை. காலையிலிருந்து பின்னேரம் வரை கைப்பகுதி மட்டும் தைக்கிறேன், கொலரை வேறொருத்தி தைப்பாள். வீட்டுக்கு வந்து இன்னொரு மெஷினில் குந்த எனக்கு விசரா? என் சம்பளத்தில், நான் தெரிந்தெடுத்து, கடை விலைத்துண்டு கழற்றாத சட்டை வாங்குவது எனக்கு ஆசை. அதுவும் ரசனைதான்.

வடலி:
அதை மறுக்கவில்லை. ஆனால் புதுசுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பருத்தி ரீசேட்டுக்குப் பஞ்சு விளைவதிலிருந்து ஏறத்தாழ 2,700 லீற்றர் தண்ணீர் போகிறது என்கிறார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது துணி விலை என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது தையல் தெரிந்த வீடு தப்பியது.

முறிகண்டிக் கச்சான்:
இரணைமடுவில் நெல்லு விதைக்கும் ஆளிடம் தண்ணீர்க் கணக்குச் சொல்லாதே பிள்ளை. அந்த 2,700 லீற்றரும் இங்கத்தைக் குளத்திலிருந்தா போகிறது? பஞ்சு இங்கே விளைவதில்லை. 2022 பற்றிச் சொன்னது மட்டும் சரி. அந்த வருடம் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் மடிப்பை அவிழ்த்து இறக்கித் தைக்காத வீடு குறைவு. ஆனால் அதுவும் ஆசைக்குச் செய்ததில்லை. நான் முதலில் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

நெல்லுமூட்டை:
பழசைத் தைப்பது மலிவு என்கிறீர்களே, கடையில் கொடுத்தால் என்ன கூலி? அம்மாவின் இரண்டு சேலை கிடக்கிறது, தங்கச்சி கேட்கிறாள். புதுத்துணிக் கூலியில் பாதி இருக்குமா?

கால்மெஷின்:
பாதியா? கூட வரும். புதுத்துணி என்றால் நேரே வெட்டித் தைக்கலாம். பழசென்றால் முதலில் பிரிக்க வேண்டும், தேய்ந்த இடம் தேட வேண்டும், அங்கே லைனிங், இங்கே ஒட்டு. ஒரு பாவாடைக்குப் போகும் நேரத்தில் இரண்டு ஹவுஸ்கோட் தைத்து முடிப்பேன். சனம் வந்து, "பழைய துணிதானே அக்கா, குறைத்துப் போடுங்கோ" என்கிறது. துணி பழசு, என் கண்ணும் முதுகும் அதே கண்ணும் முதுகும்தானே?

வடலி:
அதனால்தான் வீட்டில் தானே தைக்க வேண்டும் என்கிறேன். கடைக்குக் கொடுத்தால் சிக்கனம் இல்லை.

கொழுந்து:
வீட்டில் தைத்தால் உங்கள் நேரத்துக்குக் கூலி இல்லை, அதனால் மலிவாகத் தெரிகிறது. எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதை மெஷினில் போட்டால் எனக்கு அது கடைச் சட்டையை விட விலை கூட.

கால்மெஷின்:
கொழுந்துப் பிள்ளை சொல்வது சரி. நெல்லுமூட்டை, சேலை இரண்டையும் தோய்த்துக் காயவைத்து, தங்கச்சியின் இடுப்பளவோடு கொண்டு வாருங்கள். வெட்டமாட்டேன். கூலி பார்த்த பிறகுதான் சொல்வேன். அளவில்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவேன்.

நெல்லுமூட்டை:
சேலை ஒன்றில் பலாப்பழக் கறை இருக்கிறது. அதற்கும் கூலியா?

கால்மெஷின்:
தேங்காயெண்ணெய் பூசி ஊறவிட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்த்துப் பாருங்கள். போகாவிட்டால் கறை உள்ளுக்குப் போகும்படி சுருக்குப் பிடிக்கலாம். அதற்குக் கூலி இல்லை.