பாய்மரப் படகில் ரேடார்: மாஸ்டில் மாட்டவா, பின்பக்கக் கம்பத்திலா?

புதுவைப்பாய்:
வணக்கம் நண்பர்களே. தேங்காய்த்திட்டில் நிற்கும் என் 34 அடி பாய்மரப் படகுக்கு 18 அங்குல டோம் ரேடார் (ஆண்டெனா வட்டமான மூடிக்குள் இருக்கும் வகை) வாங்கி வைத்திருக்கிறேன், எடை சுமார் 6 கிலோ. எங்கே மாட்டுவது என்பதில்தான் குழப்பம். மாஸ்டின் (பாய் கட்டும் மரத்தின்) முன்பக்கம் பிராக்கெட் அடித்து 9 மீட்டர் உயரத்தில் ஏற்றலாம், இல்லையென்றால் பின்பக்கம் தனிக் கம்பம் நட்டு 3 மீட்டரில் வைக்கலாம். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் ராத்திரி ஓட்டம்தான் அதிகம். கரையோரம் பைபர் படகுகள் கூட்டமாக வலை போட்டிருக்கும் இடத்தைக் கடக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. உயரே போனால் தூரம் தெரியும் என்கிறார்கள், அந்தத் தூரம் எனக்கு எதற்குப் பயன்படும்?

கெடிலக்கரை:
கம்பம்தான் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். கணக்கு இதுதான்: உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் போட்டு 2.2 ஆல் பெருக்கினால் ரேடாரின் தொடுவானம் கடல் மைலில் வரும். 3 மீட்டருக்கு 3.8, 9 மீட்டருக்கு 6.6. எதிரே இருப்பதன் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும். கடலுக்கு மேல் 1 மீட்டர் தெரியும் பைபர் படகு என்றால் 6 மைலுக்கும் 8.8 மைலுக்கும் உள்ள வித்தியாசம், ஆனால் பைபர் ரேடார் அலையை ஒழுங்காகத் திருப்பி அனுப்பாது, அவ்வளவு தூரத்தில் அது எப்படியும் திரையில் வரப் போவதில்லை. கப்பலுக்கு ஏஐஎஸ், அதாவது தன் பேரையும் இடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் கருவி, இருக்கிறது, ரேடாருக்கு முன்பே பேரோடு தெரிந்துவிடும். நமக்குப் பயம் ஏஐஎஸ் இல்லாத சின்னப் படகுதான், அதுவும் பக்கத்தில். இந்த டோம்களின் கதிர் மேலும் கீழுமாக ஏறக்குறைய 25 பாகை விரியும், அதாவது கீழே 12.5. 9 மீட்டரிலிருந்து அந்தக் கதிரின் கீழ்விளிம்பு தண்ணீரைத் தொடுவது 40 மீட்டர் தள்ளி, 3 மீட்டரிலிருந்து 14 மீட்டருக்குள். அலை இரைச்சலும் (கடல் அலைகளில் பட்டுத் திரும்பித் திரையில் விழும் புள்ளிகள்) உயரத்தில் வைத்தால்தான் திரையில் அதிக தூரத்துக்குப் பரவும்.

வாடைக்காற்று:
கணக்கு சரி, ஆனால் கடல் தட்டையாக இருக்கும் நாளுக்குத்தான் அது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் 2 மீட்டர் அலை எழும்போது 3 மீட்டரில் இருக்கும் ஆண்டெனா பள்ளத்தில் இறங்கினால் என்ன பார்க்கும்? எதிரே இருப்பவனும் பள்ளத்தில் இருந்தால் திரையில் வந்து வந்து மறைவான். அதனால் மாஸ்டை ஒதுக்கிவிடாதீர்கள். 9 மீட்டர்தான் வேண்டும் என்றில்லை, கீழ் ஸ்பிரெடருக்கு (மாஸ்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கைக்கு) கொஞ்சம் கீழே 5 மீட்டர் வாக்கில் வைத்தாலே போதும். ஒன்று மட்டும் கட்டாயம்: திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் முன்பாய் டோமில் உரசும், பாயும் கிழியும் டோமும் போகும், சுற்றிவர எஸ்எஸ் கம்பியில் காப்பு வளையம் போட வேண்டும். பின்பக்கம் மாஸ்ட் மறைக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவைப்பாய்:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க விட்டுப்போனது. வாடை அடிக்கும்போது சென்னைக்கு எதிர்க்காற்றில் ஏறினால் படகு 20 பாகை சாய்ந்தே போகும். அப்போது ரேடார் என்ன ஆகும்?

கெடிலக்கரை:
அதுதான் முக்கியமான கேள்வி, நானே சொல்லியிருக்க வேண்டியது. 20 பாகை சாய்ந்தால் காற்று வரும் பக்கத்தில் கதிர் முழுக்க வானத்தைப் பார்க்கும், மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்கும். வடகிழக்குக் காற்றை வலப்பக்கம் வாங்கி ஓடும்போது வானத்தைப் பார்ப்பது கடல் பக்கம், தண்ணீரில் விழுவது கரைப் பக்கம், வலைக்காரர்கள் இருப்பதே அங்கேதான். நேரே முன்னாலும் பின்னாலும் மட்டும் ஓரளவு தெரியும். மாஸ்டில் அசையாமல் மாட்டிய டோமுக்கு இதற்கு வழியில்லை. கம்பத்தில் என்றால் உச்சியில் கீல் வைத்த தட்டு போட்டு, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி டோமைச் சமமாக்கலாம், காக்பிட்டில் (சுக்கான் பிடிக்கும் இடத்தில்) உட்கார்ந்தபடியே.

ரேடார்மெக்கானிக்:
விசைப்படகுகளில் மாட்டிக்கொடுப்பது என் தொழில், அதனால் வேலை பக்கத்திலிருந்து சொல்கிறேன். கம்பம் என்றால் 316 எஸ்எஸ் குழாய், இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் சாய்வுத் தாங்கி. அது இல்லாவிட்டால் அலையில் கம்பம் நடுங்கி அடித்தட்டின் வெல்டிங் விட்டுப்போகும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். டெக்குக்கு அடியில் பட்டையான அலுமினியத் தகடோ தடித்த பிளைவுட்டோ வைத்துத்தான் போல்ட் இறுக்க வேண்டும். நட்ட நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக நடுங்கள், மாஸ்டின் நிழல் நேர் முன்னால் விழாது. டோம் ஆள் தலைக்கு மேலே இருக்கட்டும், வலுவான அலையை வீசும் பழைய மேக்னட்ரான் வகை செட் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேபிள் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்க விடுங்கள், மழைத்தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும், உள்ளே இறங்காது. மாஸ்டுக்குப் போனால் அடியில் ஒரு கனெக்டர் அவசியம், இல்லையென்றால் மாஸ்டை இறக்கும்போது கேபிளை அறுக்க வேண்டியிருக்கும்.

மாட்டி முடித்ததும் முகத்துவாரத்துக் கல்சுவரின் முனையை நேரே முன்னால் வைத்துக்கொண்டு மெல்ல ஓட்டுங்கள். திரையில் அது இடமோ வலமோ தள்ளித் தெரிந்தால் செட்டிங்கில் அந்தப் பாகையைத் திருத்துங்கள். இதைப் பட்டப்பகலில் செய்து முடித்துவிட்டு, அப்புறம் ராத்திரி ஓட்டத்துக்குக் கிளம்புங்கள்.