‘வெளிப்பாட்டுக்குப் பிந்தைய முற்காப்பு’ வேண்டாம், ‘உடன்காப்பு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாலியல் வன்முறைக்கு உள்ளான அகதிகளுக்கு மருத்துவம் பார்க்கும் செவிலியருக்கான கையேட்டில், எச்.ஐ.வி. தொற்றாதிருக்க நிகழ்வுக்குப் பின் தரும் மாத்திரைக்கு, அதாவது மருத்துவர்கள் ‘பெப்’ என்று சுருக்கிச் சொல்வதற்கு, என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி.

‘பெப்’ என்பதன் ஆங்கில விரிவை (post-exposure prophylaxis) சொல்லுக்குச் சொல் பெயர்த்த, தலைப்பில் உள்ள பழைய ஆக்கம் இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘வெளிப்பாடு’ என்றால் நாம் கலை வெளிப்பாட்டையும் உணர்ச்சி வெளிப்பாட்டையுமே நினைக்கிறோம். கிருமிக்கு ஆட்பட்ட நிலை அச்சொல்லில் இல்லை. மேலும், ‘பிந்தைய’ என்றும் ‘முற்’ என்றும் ஒரே தொடரில் வந்தால் படிப்பவர் தயங்கி நிற்பார். அதைவிடப் பெரிய குறை, எப்போது வேண்டுமானாலும் பின்னால் சாப்பிடலாம் என்ற எண்ணத்தை ‘பிந்தைய’ என்ற சொல் தருவது. இந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள், அதிலும் முடிந்தவரை விரைவாக, தொடங்கியாக வேண்டும்.

இந்த 72 மணி நேரம் அகதிகளுக்கு எவ்வளவு கொடிய கணக்கு என்பதை 2017-இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் பார்த்தோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-க்குப் பின் மியன்மாரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் எல்லை கடந்தார்கள். மியன்மார் இராணுவத்தினர் பெண்களைப் பரவலாகக் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கியதை ஐ.நா. உண்மையறியும் குழு 2018-இல் பதிவு செய்தது. காட்டிலும் வயலிலும் பல நாள் நடந்து, நாஃப் ஆற்றைக் கடந்து, முகாமில் இடம் பிடித்து, அதன்பின் வாய்திறந்து சொல்லத் துணிவதற்குள் பலருக்கு அந்தக் கெடு முடிந்திருந்தது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கான 120 மணி நேரமும் அப்படியே கடந்துபோனது. எஞ்சியவை பால்வினை நோய்களுக்கான சிகிச்சை, தடுப்பூசி, காயங்களுக்கும் மனத்துக்குமான கவனிப்பு, கருவுற்றிருந்தால் அதற்கான உதவி ஆகியவைதான்.

இந்தக் கடைசி உதவியில் நமக்கொரு கலைச்சொல் பாடமும் இருக்கிறது. உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்காத சட்டம் கொண்ட வங்கதேசம், மாதவிடாய் தள்ளிப்போன தொடக்க வாரங்களில் கருப்பையை வெறுமையாக்கும் சேவையை ‘மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்’ என்ற பெயரில் 1979 முதல் அரசுத் திட்டத்திலேயே அளித்துவருகிறது. முகாம் பெண்களுக்கும் அந்தப் பெயரே வழி திறந்தது.

‘தடுப்பு மருந்து’ போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். தமிழில் அதைக் கேட்டதும் தடுப்பூசிதான் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை போட்டால் போதும் என்று தோன்றிவிடும். இதையோ 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். ‘விரைகாப்பு’ என்று இன்னொருவர் தந்தது ஓசையில் அழகுதான். ஆனால் ‘விரைவீக்கம்’ என்ற சொல் புழங்கும் மருத்துவமனையில் அதை வேறொரு உறுப்பின் காப்பாகவே கொள்வார்கள் என்பதை, சிரித்துக்கொண்டேதான், சுட்டுகிறேன்.

என் முன்மொழிவு ‘உடன்காப்பு’. ‘உடன்’ அவசரத்தைச் சொல்கிறது. ‘காப்பு’ நம் ஊர்ப் பேச்சில் இருப்பது: மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் அதை அவிழ்க்கும்வரை விரதம் தவறமாட்டார் என்பதால், நாள் எண்ணிக் காக்கும் ஒழுங்கு அச்சொல்லிலேயே இருக்கிறது. இன்னொரு பயன், மருந்துச் சீட்டில் ‘உடன்காப்பு – 28 நாள்’ என்று எழுதினால் நோயின் பெயரும் தெரியாது, நடந்ததும் தெரியாது. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய ஒற்றையறைக் குடிலில் மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் நடுவே மாத்திரைப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டிய பெண்ணுக்கு இது சிறிய விஷயமன்று.

அந்தப் பெண்ணை ‘தப்பிப் பிழைத்தவர்’ என்று குறிக்கலாம் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. தமிழில் தப்பியவர் என்றால் அது நடக்கவே இல்லை என்று பொருள். செவிலியர் அப்படிப் புரிந்துகொண்டால் மருந்தே தராமல் அனுப்பிவிடக்கூடும். ‘வன்முறைக்கு உள்ளானவர்’ என்பதே கையேட்டில் இருக்கட்டும்.

எனக்கே ஓர் ஐயம் உண்டு. ‘உடன்பிறப்பு’ போலக் ‘கூட’ என்ற பொருளில் ‘உடன்’ படிக்கப்பட்டு, வேறொரு மருந்தோடு சேர்த்துத் தரும் துணை மருந்து என்று சிலர் கொள்ளலாம். ‘உடனடிக் காப்பு’ என்று பிரித்தால் அது தீரும், ஆனால் கலைச்சொல்லின் இறுக்கம் போய்விடும். இலங்கை வழக்கில் இதற்கு ஏற்கெனவே வேறு சொல் புழங்கினால் அறியத் தாருங்கள். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது.