கியூர்பிப்புக்கு வீடு மாறுகிறோம்: டீஹியூமிடிஃபையரைக் காரில் படுக்க வைத்து எடுத்துப் போகலாமா?

நீலா_ரோஸ்ஹில்:
வணக்கம். இம்மாதக் கடைசியில் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து மேட்டு ஊரான கியூர்பிப்புக்கு வீடு மாறுகிறோம். எங்களிடம் இருப்பது கம்ப்ரசர் வகை டீஹியூமிடிஃபையர், அதாவது அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் நீராகச் சேர்க்கும் மெஷின். ஒரு நாளைக்கு 20 லிட்டர் நீர் இழுக்கும் என்று போட்டிருக்கிறது, எடை 15 கிலோ, லேபிளில் ஆர்290 என்று இருக்கிறது. கார் டிக்கியில் நிமிர்த்தி வைக்க உயரம் போதாது. படுக்க வைக்கலாமா? பிளக் பிரான்சிலிருந்து வரும் உருண்டைக் கால் பிளக். புது வீட்டில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. இரவில் ஓடவிடலாமா?

ஃப்ரிட்ஜ்காரர்:
படுக்க வைக்காதீர்கள் அக்கா. கம்ப்ரசருக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும். மெஷினைச் சாய்த்தால் அது செப்புக் குழாய்களுக்குள் இறங்கிவிடும். அப்படியே சுவிட்ச் போட்டால் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் உராயும், குழாய்க்குள் போன எண்ணெய் மொத்தமாகத் திரும்பி வந்து வால்வை உடைக்கவும் செய்யும். பின் இருக்கையில் நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட் போட்டு, இரு பக்கமும் தலையணை செருகுங்கள். வேறு வழியே இல்லாமல் படுக்க வைத்தால், இறக்கிய பிறகு 24 மணி நேரம் நிமிர்த்தி நிறுத்திவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். நிமிர்ந்தே வந்தாலும் இரண்டு மணி நேரம் விடுங்கள், மேட்டுப் பாதையில் குலுங்கித்தான் வரும்.

தண்ணீரைக் கவனிக்காமல்தான் பலர் மெஷினைக் கெடுக்கிறார்கள். தொட்டியைக் கொட்டினால் மட்டும் போதாது. காயிலிலும் (ஈரம் குளிர்ந்து நீராகும் குழாய்ச் சுருள்) அதன் கீழ்த்தட்டிலும் நீர் நிற்கும், மெஷின் சாயும்போது அது சர்க்யூட் போர்டுக்குப் போய்விடும். அதனால் முந்தின நாளே ஈரம் இழுப்பதை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடும் பட்டன் இருந்தால் இரண்டு மணி நேரம் ஓட்டிக் காயவிடுங்கள். டிரெயின் குழாய் போட்டிருந்தால் கழற்றி, வாயை மூடியால் திருகி அடையுங்கள். தொட்டிக்குள் இருக்கும் மிதவை ஆடாமல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். தூக்கும்போது பக்கவாட்டுக் கைப்பிடிகளைப் பிடிக்க வேண்டும், தொட்டி விளிம்பை அல்ல. படிக்கட்டில் இரண்டு பேர் தூக்குங்கள்.

ஆர்290 என்பது மெஷினுக்குள் குளிரூட்டும் கேஸ், புரொப்பேன், தீப்பிடிக்கும் வாயு. மெஷினில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சமையல் கேஸுக்கு வாடை சேர்ப்பதுபோல் இதற்குச் சேர்ப்பதில்லை, ஆகவே மூக்கை நம்பிப் பயனில்லை. மெஷின் கீழே விழுந்தாலோ, குழாய் வளைந்து எண்ணெய்க் கறை தெரிந்தாலோ, பிளக் சொருகாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சிறிய அறை வரை வைக்கலாம் என்று கையேட்டில் சதுர மீட்டரில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

கம்பிவேலை:
பிளக் பற்றி. இங்கே சுவர் சாக்கெட் பெரும்பாலும் பிரிட்டிஷ் மூன்று கால். மேல் துளையில் பேனாவைச் சொருகி மூடியைத் திறந்து, உருண்டைக் கால் பிளக்கை அழுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மெஷின் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. தண்ணீரும் இரும்பும் சேர்ந்திருக்கும் மெஷினுக்கு எர்த் இல்லாமல் ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எர்த் தொடர்பும் ஃப்யூஸும் உள்ள அடாப்டர் வாங்குங்கள், அல்லது எலக்ட்ரீஷியனை வைத்துப் பிளக்கையே மாற்றுங்கள். வாரண்டி இருந்தால் அடாப்டரே மேல், ஏனென்றால் கம்பியை வெட்டினால் வாரண்டி போய்விடலாம்.

எக்ஸ்டென்ஷன் வேண்டாம். ஓடும்போது இழுப்பது 230 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் அளவுதான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் அது பல மடங்கு ஏறும். தளர்ந்த சாக்கெட் கருகுவது அதனால்தான். முதல் நாள் அரை மணி நேரம் ஓடியதும் நிறுத்திப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கை உருவிவிடுங்கள், மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது வோல்ட்டேஜ் எகிறும்.

நீலா_ரோஸ்ஹில்:
மிக்க நன்றி. அடாப்டர் பார்க்கிறேன். கியூர்பிப் குளிரில் தண்ணீர் குறைவாக இறங்கினால் மெஷின் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

மேட்டுநிலம்:
இல்லை. 20 லிட்டர் என்பது வழக்கமாக 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்த கணக்கு. ஜூலை, ஆகஸ்ட்டில் கியூர்பிப் வீட்டுக்குள் 17, 18 டிகிரி இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கோ கால் பங்கோ இறங்கினாலே மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 15 டிகிரிக்குக் கீழே போனால் காயிலில் பனி படியும். அப்போது கம்ப்ரசர் சில நிமிடம் நின்று பனி உருகிய பின் மறுபடி கிளம்பும், அது இயல்புதான். பனி உருகாமல் கெட்டிப்பட்டால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்ட வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காயிலில் ஒரு ஓரம் மட்டும் பனி, மற்ற இடம் அறைச் சூட்டில் என்றால் கேஸ் குறைந்திருக்கிறது. பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், குழாய் ஓட்டையாகும்.

மெஷினில் ஈரப்பத அளவை 55 சதவீதத்தில் வையுங்கள். 40-இல் வைத்தால் நம் ஊரில் மெஷின் நிற்கவே நிற்காது, வீணாக மின்சாரம் போகும். 350 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட். ஜன்னல், கதவு சாத்தி, அலமாரிக் கதவைத் திறந்து, அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தி ஓட்டுங்கள். மெஷினைச் சுற்றி 30 சென்டிமீட்டர் இடம் விடுங்கள், மேலே துணி காயப்போட வேண்டாம்.

அதற்கு முன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சாண் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை, ஈரமாகத் தெரியும் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்தால் அறைக் காற்றின் ஈரம், மெஷின் தீர்க்கும். சுவரைத் தொட்ட பக்கம் நனைந்திருந்தால் கூரையோ வெளிச்சுவரோ தரையோ நீர் விடுகிறது. அதைப் பழுது பார்க்காமல் மெஷினை ஓட்டினால் தொட்டிதான் நிறையும், சுவர் காயாது.

குழந்தையின் அறையில் பகலில் ஓட்டி, இரவில் நிறுத்துங்கள். இரவில் ஓட்டியே ஆகவேண்டும் என்றால் நடைவழியில், புகை அலாரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். தொட்டி நீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது, கிருமியும் காயிலின் உலோகமும் கலந்திருக்கும். கழிப்பறையில் ஊற்றுங்கள். டிரெயின் குழாய் போட்டால் வழி நெடுக இறக்கமாக இருக்கட்டும், நுனி தண்ணீரில் முங்கினால் நீர் எதிர்த்து வரும்.

பழையமெஷின்:
இதைப் படித்துவிட்டுப் பழையது வாங்க நினைப்பவர்களுக்கு: 2013-இல் அமெரிக்காவில் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டீஹியூமிடிஃபையர்களைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாம் ஒரே நிறுவனத் தயாரிப்பு, ஆனால் பல பெயர்களில் விற்றவை. ஆகவே முன்பக்கத்துப் பெயரை நம்பாமல், பின்பக்க லேபிளின் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜ்காரர்:
ஒன்று விட்டுவிட்டது. நிறுத்திய கையோடு மறுபடி போடாதீர்கள். கேஸ் அழுத்தம் சமமாக மூன்று நிமிடம் வேண்டும். புது மெஷின்கள் தாமே காத்திருக்கும், பழையவற்றில் நாம்தான் காத்திருக்க வேண்டும்.