கலைச்சொல் தேவை (அவசரம்): உப்பளத்தை நேர் மேலிருந்து எடுத்த படம்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். பழைய முறையில் கடலுப்பு வாருவதை ட்ரோனில் எடுத்த 24 படங்கள். கண்காட்சிக் கையேட்டுக்குக் குறிப்பு எழுதுகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். இடிப்பது ‘டாப் டவுன் ஷாட்’. ‘செங்குத்துப் படம்’ என்று போட்டிருந்தேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி, நெட்டுவாக்கில் வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்து, அகலமான படத்தைத் திருப்பி நிறுத்திவிட்டார். மேல் எது கீழ் எது என்று தெரியாத படம், எனக்கும் உடனே உறைக்கவில்லை. அப்புறம் பார்த்தால் உப்புக் குவியலெல்லாம் குழியாகத் தெரிகிறது!

ஒளிப்படக்காரர்:
தெரியத்தான் செய்யும். வெளிச்சம் மேற்புறமிருந்து விழுகிறது என்றே கண் எடுத்துக்கொள்ளும். படத்தைத் திருப்பியதில் அது கீழ்ப்புறமிருந்து விழுவதுபோல் ஆகியிருக்கும், மேடு பள்ளமாகிவிட்டது. இந்தக் கோணத்தில் குவியல் வெறும் வெள்ளை வட்டம், ஆள் ஒரு தலைப்பாகை. பலகை இழுக்கிறவர் குனிந்திருக்கிறாரா நிமிர்ந்திருக்கிறாரா என்பதைப் பக்கத்தில் கிடக்கும் நிழல்தான் சொல்லும். பேசாமல் ‘பருந்துப் பார்வை’ என்று போடுங்கள்.

புவியியல் ஆசிரியை:
சாய்த்து எடுத்ததையும் பருந்துப் பார்வை என்றுதானே சொல்கிறோம்? செங்குத்து வான்படம், சாய்வு வான்படம் என்று வகுப்பில் ஏற்கெனவே பிரித்துத்தான் நடத்துகிறோம். உப்பளத்தில் இந்தப் பிரிவினை முக்கியம். சாய்வாகப் பார்த்தால் பாத்தித் தண்ணீரில் வானம்தான் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 2 சதவீத ஒளியைத்தான் திருப்பியனுப்பும்; மீதி உள்ளே இறங்கும். அதனால்தான் பாத்தியின் தரையும், உவர் ஏற ஏறப் பாசியும் நுண்ணுயிரும் ஏற்றும் இளஞ்சிவப்பும் படத்தில் வருகின்றன. இருக்கிற சொல்லோடு ‘வான்’ என்பதைச் சேர்த்தால் போயிற்று. தம்பி திருப்ப மாட்டார்.

தமிழாசிரியர்:
பருந்து என்றதும் நன்னூல் நினைவுக்கு வராமல் போகுமா? சூத்திர நிலை, அதாவது நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து அமையும் முறை, நான்கு: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. உயரத்தில் வட்டமிடும் பருந்து கீழே ஒன்றைக் குறிவைத்து நேராக இறங்குகிறது. ‘பருந்துவீழ்வுப் படம்’ என்றால் இலக்கண மரபும் காப்பாற்றப்படும்.

ஒளிப்படக்காரர்:
ஐயா, ட்ரோன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று படிப்பார்கள். ஒருமுறை விழுந்தும் இருக்கிறது. நினைவூட்டாதீர்கள்.

மென்பொருள் அன்பர்:
துறையில் இதற்கு ‘நாடிர்’ என்பார்கள். நாடிப் பார்ப்பது நாடிர், வேர் தமிழ்தான். இல்லையென்றால் 1858இல் பாரிசுக்கு அருகே பலூனிலிருந்து முதல் வான்படம் எடுத்த நதாரின் பெயரிலிருந்து வந்திருக்கலாம். எப்படியும் நமக்கு வேலை மிச்சம்.

தமிழாசிரியர்:
இரண்டும் இல்லை. அது அரபுச் சொல், உச்சிக்கு எதிர் என்று பொருள். பலூனுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. நதார் என்பது அவருடைய புனைபெயர். அன்று எடுத்த படங்கள் இன்று இல்லவும் இல்லை. எஞ்சியவற்றில் பழையது 1860இல் பாஸ்டன் நகரின் மேல் எடுத்தது. ஒலி ஒத்ததையெல்லாம் தமிழ் வேர் என்று அணைத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்தக் குழு எப்போது விடுமோ!

அளத்துக்காரர்:
நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. குறிப்பில் ‘உப்பு அறுவடை’ என்று இருப்பதை முதலில் எடுங்கள். உப்பை யாரும் அறுப்பதில்லை. கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு 26 சதவீதத்தை நெருங்கும்போது மணி கட்டும். பலகையால் இழுத்து வரப்போரம் ஒதுக்குவோம். அது வாருதல். படத்துக்கு ‘உச்சிப்படம்’ போதாதா?

தமிழாசிரியர்:
‘உவர்விளை உப்பின் உழாஅ உழவர்’ என்பது நற்றிணை. உழவர் என்றான பிறகு அறுவடை வரக்கூடாதா?

அளத்துக்காரர்:
உழாதவருக்கு அரிவாள் மட்டும் எதற்கு ஐயா?

புவியியல் ஆசிரியை:
வாருதலுக்கு என் வாக்கு. உச்சிப்படம் வேண்டாம். உச்சிவேளையில் எடுத்தது என்று நினைத்துக்கொண்டு, இவ்வளவு நீள நிழல் எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நேற்றிரவு ‘நேர்கீழ்ப் படம்’ என்று மாற்றி அனுப்பிப் பார்த்தேன். “எந்தப் படத்துக்கு நேர்கீழே வைக்க வேண்டும்?” என்று கேட்கிறார் தம்பி. மணி நான்காகிறது. யாராவது முடித்துவையுங்கள்.

தமிழாசிரியர்:
‘கவிழ்நோக்கு’. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

ஒளிப்படக்காரர்:
கவிழ் என்றாலே படகு ஞாபகம் வருகிறது. ஆனாலும் விழுவதைவிடக் கவிழ்வது மேல். சரி.

மென்பொருள் அன்பர்:
நாடிரே என் விருப்பம். எதிர்க்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அனுப்பிவிட்டேன். படங்களின் அடியில் ‘நேர் மேலிருந்து எடுத்தது’, கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் ‘கவிழ்நோக்கு’. உப்பு எல்லா இடத்திலும் வாரப்பட்டுவிட்டது. அனைவருக்கும் நன்றி.

புவியியல் ஆசிரியை:
என் வகுப்பில் செங்குத்து வான்படம்தான். கவிழ்நோக்கு என்று எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தமிழாசிரியர்:
பட்டியலில் ‘கவிழ்நோக்கு படம்’ என்று ஒற்று இல்லாமல் போயிருக்கிறதே, கவனித்தீர்களா?